கருணை மனு அல்ல, உரிமைக் கோரிக்கை: மாநகராட்சியிடம் ‘நியாயமான ஏற்பாடு’ கோருவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநகராட்சியின் நிரந்தரத் தூய்மைப் பணியாளர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியவர். விடியற்காலையில் சாலையோரம் பெருக்கிக்கொண்டிருந்தபோது பின்னோக்கி வந்த லாரி மோதியதில் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டிருந்தது. மருத்துவ விடுப்பு முடிந்து செயற்கைக் காலுடன் மண்டல அலுவலகத்துக்குச் சென்றவருக்குக் கிடைத்த பதில் இது: “இனிமே உனக்கு என்னம்மா வேலை குடுக்கறது? விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துடு. பையனுக்குப் பாத்துப் போட்டுக் குடுத்துடலாம்.”

அந்தப் பையன் அப்போது பி.காம். இறுதியாண்டு மாணவர். தாய் கையில் பாதி எழுதிய விருப்ப ஓய்வுக் கடிதம் இருந்தது. அதன் வாசகத்தைச் சரிபார்த்துத் தரும்படி கேட்டுத்தான் அவர் வந்திருந்தார். கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “அவன் கையிலயும் தொடப்பத்தைத்தான் குடுக்கணுமா வக்கீலம்மா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கிறது. ஆனால் அந்த விடை அவரைப் பணியமர்த்திய அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. அல்லது, தெரிந்தும் சொல்லப்படவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19 அன்று. அதன்படி, பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியான ஒருவரை எந்த அரசு நிறுவனமும் பணியிலிருந்து நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ முடியாது. இந்தக் கட்டுரை அந்தச் சட்டத்தின் மையக் கருத்தான ‘நியாயமான ஏற்பாடு’ என்பதை விளக்கவும், அதை ஒரு நகர நிர்வாகத்திடம் எவ்வாறு எழுத்துமூலம் கோருவது என்பதைச் சொல்லவும் முயல்கிறது.

ஏற்பாடு என்பது என்ன?

ஆங்கிலத்தில் ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ எனப்படும் இச்சொல்லைத் தமிழில் பலரும் பலவாறு மொழிபெயர்க்கின்றனர். நான் ‘நியாயமான ஏற்பாடு’ என்று பயன்படுத்துகிறேன். சட்டத்தின் 2(ஒய்) பிரிவு தரும் வரையறையின் சாரம் இதுதான்: மாற்றுத்திறனாளி ஒருவர் பிறருக்குச் சமமாகத் தம் உரிமைகளைத் துய்ப்பதற்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்வது, அம்மாற்றம் செய்பவர் மீது அளவுக்கு மிஞ்சிய சுமையைச் சுமத்தக் கூடாது.

மாற்றப்பட வேண்டியது மனிதர் அல்ல, அவரைச் சுற்றியுள்ள நடைமுறை என்பதே இவ்வரையறையின் உட்பொருள். முதல் மாடியில் நடக்கும் விசாரணையைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது ஏற்பாடு. காது கேளாதவர் தொலைபேசிப் புகார் எண்ணுக்குப் பதிலாகக் குறுஞ்செய்தி வழியே புகார் அளிக்க வழிசெய்வது ஏற்பாடு. மனநலச் சிகிச்சைக்கான மருந்தை இரவில் உட்கொள்ளும் பணியாளருக்கு அதிகாலைப் பணிமுறையைப் பகலுக்கு மாற்றித் தருவதும் ஏற்பாடுதான். இவற்றுள் பலவற்றுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஒரு கையொப்பம் போதும்.

இதை உதவித்தொகையுடனோ இலவச மூன்று சக்கர வண்டியுடனோ குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை நலத்திட்டங்கள், நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். நியாயமான ஏற்பாடோ சமத்துவ உரிமையின் பகுதி. சட்டத்தின் 2(எச்) பிரிவு, ஏற்பாட்டை மறுப்பதையே ‘பாகுபாடு’ என்று வரையறுக்கிறது. “உங்களை நாங்கள் அவமதிக்கவில்லையே, வசதி இல்லை என்றுதானே சொன்னோம்” என்னும் பதில் இவ்வரையறையின் முன் நிற்காது.

அணுகல்தன்மையும் ஏற்பாடும்

இவ்விரண்டும் உறவினர்கள், ஆனால் ஒன்றல்ல. சென்னை மெரினா கடற்கரையில் சக்கர நாற்காலியில் செல்வோர் அலையருகே சென்று சேர 2022 நவம்பரில் மாநகராட்சி மரப்பாதை ஒன்றைத் திறந்தது. யார் வருவார் என்று தெரியாமலே, வரக்கூடிய அனைவருக்குமாக முன்கூட்டியே செய்யப்படுவது இது. இதுவே அணுகல்தன்மை. சில நாள்களிலேயே மாண்டஸ் புயலில் அப்பாதை சேதமடைந்ததும், பின்னர் சீரமைக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

நியாயமான ஏற்பாடு என்பது குறிப்பிட்ட ஒருவருக்கு, அவருடைய குறிப்பிட்ட தேவைக்காக, அவர் கேட்கும்போது செய்யப்படுவது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை விரிவாக விளக்கியது. அணுகல்தன்மைத் தரங்களை வெறும் பரிந்துரைகளாகக் குறுக்கியிருந்த மத்திய அரசு விதிகளின் 15ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்றும் அதே தீர்ப்பு அறிவித்தது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்கிறது சட்டத்தின் 45ஆம் பிரிவு. விதிகள் வெளியானது 2017 ஜூனில். அந்தக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

நம் மனுக்களுக்கு இதனால் என்ன பயன்? அலுவலக வாசலில் சாய்தளம் இல்லை என்றால் அது 45ஆம் பிரிவின் மீறல். அதைத் தனியே குறிப்பிட வேண்டும். சாய்தளம் கட்டி முடிக்கும்வரை என் மனுவைத் தரைத்தளத்தில் வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்பது ஏற்பாட்டுக் கோரிக்கை. முன்னதற்கு டெண்டர் விட வேண்டும், காலம் பிடிக்கும். பின்னதை நாளையே செய்யலாம். ஒரே மனுவில் இரண்டையும் கேளுங்கள்; ஆனால் ஒன்றின் தாமதத்தைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போட இடம்கொடுக்காதீர்கள்.

மாநகராட்சி கட்டுப்பட்டதா?

ஐயமின்றிக் கட்டுப்பட்டது. சட்டத்தின் 2(கே) பிரிவில் ‘அரசு நிறுவனம்’ என்பதன் வரையறைக்குள் உள்ளாட்சி அமைப்புகள் பெயர் சுட்டியே சேர்க்கப்பட்டுள்ளன. 200 வார்டுகள் கொண்ட பெருநகர சென்னை மாநகராட்சிக்கும் ஒரு சிறு பேரூராட்சிக்கும் இதில் வேறுபாடில்லை.

மேலும், நகர நிர்வாகம் மூன்று வேடங்களில் நம் முன் வருகிறது. முதலாவது, வேலை தருபவர். இரண்டாவது, சேவை வழங்குபவர்: பிறப்பு இறப்புச் சான்று, சொத்து வரி, குடிநீர், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், மாநகராட்சிப் பள்ளி, சமுதாயக் கூடம், பொதுக் கழிப்பறை. மூன்றாவது, அனுமதி தருபவர்: கட்டட அனுமதி, தொழில் உரிமம், தெருவோர வியாபாரச் சான்று. அணுகல்தன்மை விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்கு அனுமதியோ, அத்தகைய கட்டடத்துக்கு நிறைவுச் சான்றோ வழங்கக் கூடாது என்பது 44ஆம் பிரிவு. எந்த வேடத்தில் அது உங்களை மறுத்தது என்பதைப் பொறுத்தே எந்தப் பிரிவின் கீழ் எழுதுவது, எங்கே மேல்முறையிடுவது என்பது அமையும்.

யார் கேட்கலாம்?

‘நாற்பது விழுக்காடு இருந்தால்தான்’ என்று பல அலுவலகங்களில் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. அரசு வேலையில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு போன்ற சில பயன்களுக்கு 40 விழுக்காடு ஊனச் சான்று தேவை. நியாயமான ஏற்பாட்டுக்கு அது தேவையில்லை. 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. எழுதும்போது கைவிரல்கள் இறுகிவிடும் நோய் கொண்ட குடிமைப் பணித் தேர்வர் ஒருவருக்கு, அவர் அந்த விழுக்காட்டு வரம்புக்குள் வராவிட்டாலும், தேர்வெழுத எழுத்தர் உதவி மறுக்கப்படக் கூடாது என்றது நீதிமன்றம். ஏற்பாடு ஒவ்வொருவர் நிலைக்கும் ஏற்பத் தனித்தனியே வடிவமைக்கப்பட வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

நம் மக்களுக்கு இத்தீர்ப்பு மிக முக்கியம். குப்பை வண்டி தள்ளித் தேய்ந்த முதுகெலும்பு, தூசியில் கெட்ட நுரையீரல், வெட்டுப்பட்டு மடங்காமல்போன விரல்கள் ஆகியன சான்றிதழில் 40ஐத் தொடாமல் போகலாம். ஆனால் நீண்டகாலக் குறைபாடு ஒன்று, சூழலிலுள்ள தடைகளுடன் சேர்ந்து, ஒருவரின் சமமான பங்கேற்பைத் தடுக்கிறது என்றால் அவர் 2(எஸ்) பிரிவின்படி மாற்றுத்திறனாளியே. தனித்துவ அடையாள அட்டை இருந்தால் நகலை இணையுங்கள். இல்லையெனில் அரசு மருத்துவமனைச் சீட்டு, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, பணியிட விபத்துப் பதிவு எதுவானாலும் இணையுங்கள். அட்டை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சாதி எங்கே வருகிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரிடையே இது 2.45 விழுக்காடு. இந்த இடைவெளி வானத்திலிருந்து விழுந்ததன்று. ஆபத்தான வேலை எவர்மீது சுமத்தப்படுகிறது, எவர் குடியிருப்புக்கு மருத்துவமனை தொலைவில் இருக்கிறது, எவர் நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு விளிம்பிலுள்ள அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்படுகிறார் என்பதோடு தொடர்புடையது. பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடத்தில் மின்தூக்கி பழுதானால், மேல்மாடியில் வாழும் சக்கர நாற்காலிக்காரருக்கு அன்று மருத்துவமனையும் இல்லை, வேலையும் இல்லை. தரைத்தள வீட்டுக்கு மாற்றிக் கேட்பது அவருடைய ஏற்பாட்டுக் கோரிக்கை. அதை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் கேட்க வேண்டும். அவ்வாரியமும் அரசு நிறுவனமே. வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் 5 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு என்னும் 37ஆம் பிரிவையும் அம்மனுவில் சேர்க்கலாம்.

பல ஒடுக்குமுறைகள் ஓருடலில் சேரும்போது அவற்றைத் தனித்தனியே பார்த்தால் தீங்கின் முழு உருவம் தெரியாது. பார்வையற்ற தலித் பெண் ஒருவர் மீதான பாலியல் வன்முறை தொடர்பான பட்டான் ஜமால் வலி வழக்கில், 2021 ஏப்ரல் 27 அன்று, உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. ஆயினும் அதே வழக்கில், குற்றம் சாதியின் அடிப்படையில் நிகழ்ந்தது என்பதற்கான சான்று பதிவில் இல்லை என்று கூறி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை நீக்கப்பட்டது. பாலியல் வன்முறைக்கான ஆயுள் தண்டனை நிலைத்தது. இதிலிருந்து நாம் கற்க வேண்டிய நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. சாதி செயல்பட்ட விதத்தை முதல் மனுவிலேயே, நாள், நேரம், சொல்லப்பட்ட சொற்கள் ஆகியவற்றோடு பதிவுசெய்ய வேண்டும். பதிவில் இல்லாதது நீதிமன்றத்தில் இல்லாதது.

தொடக்கத்தில் சொன்ன பெண்ணின் நிகழ்வில் சாதி எங்கே இருந்தது? “உனக்கு என்ன வேலை குடுக்கறது” என்ற கேள்விக்குள் இருந்தது. மாநகராட்சியில் அலுவலக உதவியாளர் பணி உண்டு. பதிவேட்டுப் பணி உண்டு. நீரேற்று நிலையக் கண்காணிப்பு உண்டு. துடைப்பம் பிடித்தவருக்குத் துடைப்பம் தவிர வேறெதுவும் பொருந்தாது என்ற முன்முடிவுதான் அந்த வாய்ப்புகளை அதிகாரியின் கண்ணிலிருந்து மறைத்தது. வேலையை மனிதருக்கேற்ப மாற்று என்கிறது மாற்றுத்திறனாளிகள் சட்டம். மனிதரைப் பிறப்பின்படி வேலையோடு பூட்டுகிறது சாதி. ஆகவே, ஒரு தலித் பணியாளர் நியாயமான ஏற்பாடு கோரும்போது இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. தாயின் கால் போனதும் மகனைக் கூப்பிடுவது கருணையாகத் தோன்றலாம். அது பரம்பரைத் தொழிலுக்கு அரசு வழங்கும் நியமன ஆணையாகவும் ஆகிவிடுகிறது. மகன் அவ்வேலையை விரும்பினால் அது அவருடைய உரிமை. தாயின் பணியைப் பறித்து அதற்கு ஈடாகத் தருவது வேறு.

மனு எழுதும் முறை

வாய்மொழிக் கோரிக்கைக்குச் சாட்சியில்லை. எழுத்தில் கொடுங்கள். ஆணையருக்கு முகவரியிட்டு, மண்டல அலுவலருக்கு நகல் வையுங்கள். மனுவில் ஐந்து செய்திகள் இருந்தால் போதும்.

ஒன்று: நீங்கள் யார், மாநகராட்சியுடன் உங்களுக்குள்ள தொடர்பு என்ன, பணியாளரா, வரி செலுத்துபவரா, வியாபாரியா.

இரண்டு: குறைபாடு என்ன. நோயின் முழு வரலாறு தேவையில்லை. கேட்கும் ஏற்பாட்டோடு தொடர்புடைய அளவு போதும். உங்கள் அந்தரங்கம் உங்களுடையது.

மூன்று: தடை என்ன. எந்த இடத்தில், எந்த நாளில், எந்த நடைமுறை உங்களைத் தடுத்தது.

நான்கு: நீங்கள் கேட்கும் ஏற்பாடு. ‘ஆவன செய்யும்படி’ என்று எழுதாதீர்கள்; இன்னது, இந்த நாளுக்குள் என்று எழுதுங்கள். முடிந்தால் மாற்று வழி ஒன்றையும் குறிப்பிடுங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் ‘இயலாது’ என்று சொல்வது அவர்களுக்குக் கடினம்.

ஐந்து: சட்டப் பிரிவுகளும், மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற கோரிக்கையும்.

மாதிரிக்கு ஒரு பத்தி:

“நான் தங்கள் மாநகராட்சியில் நிரந்தரத் தூய்மைப் பணியாளராகப் பணிபுரிந்து வருகிறேன். பணிக்காலத்தில் நேர்ந்த விபத்தில் வலது காலை இழந்துள்ளேன். நீண்ட நேரம் நிற்பதும் வண்டி தள்ளுவதும் இயலாது. அமர்ந்து செய்யும் பணிகளை முழுமையாகச் செய்ய இயலும். எனவே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 20(2), 20(4) பிரிவுகளின்படி, என் தற்போதைய ஊதிய விகிதத்திலும் பணிப் பயன்களிலும் குறைவின்றி, தரைத்தளத்தில் அமைந்த பிரிவொன்றில் 15 நாள்களுக்குள் மாற்றுப் பணி வழங்குமாறு கோருகிறேன். பொருத்தமான பணியிடம் காலியாக இல்லையெனில் மிகைப் பணியிடம் ஒன்றில் என்னை வைத்துக்கொள்ளுமாறு கோருகிறேன். கோரிக்கை ஏற்கப்படாவிட்டால் காரணங்களை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

இரு பிரதிகள் எடுத்துச் சென்று ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் பெறுங்கள். முத்திரையிட மறுத்தால் விரைவுத் தபாலில் ஒப்புகையுடன் அனுப்புங்கள். எழுதத் தெரியாதவரும் பார்வையற்றவரும் வாய்மொழியாகச் சொல்வதை எழுதிப் பெறும்படி கேட்பதே அவர்களுடைய முதல் ஏற்பாட்டுக் கோரிக்கை ஆகட்டும்.

வழக்கமான மறுப்புகளும் விடைகளும்

“விபத்து பணி நேரத்தில் நடக்கவில்லையே.” 20(4) பிரிவு பேசுவது பணிக்காலத்தைப் பற்றி, பணி நேரத்தைப் பற்றியன்று. விடுப்பில் வீட்டில் இருந்தபோது பக்கவாதம் வந்தாலும் பாதுகாப்பு உண்டு.

“காலிப் பணியிடம் இல்லை.” பொருத்தமான பணியிடம் கிடைக்கும்வரை, அல்லது ஓய்வு பெறும் வயதுவரை, மிகைப் பணியிடத்தில் வைத்துக்கொள்ளலாம் எனச் சட்டமே வழி காட்டியுள்ளது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இதையொத்த பாதுகாப்பு இருந்தது. காலை இழந்ததால் மருத்துவ அடிப்படையில் வெளியேற்றப்பட்ட காவலர் ஒருவரின் வழக்கில், 2003இல், உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. குணால் சிங் வழக்கு என்று அது அறியப்படுகிறது. இயலாமை ஓய்வூதியம் பெற்றதே அவருடைய உரிமையைப் பறித்துவிடாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஆனால் விருப்ப ஓய்வு என்று தாமே எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு வாதிடுவது கடினம். ஆகவே எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையொப்பமிடாதீர்கள்.

“நிதி இல்லை.” அளவுக்கு மிஞ்சிய சுமை என்று சொல்பவர்தான் அதைக் கணக்குடன் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் வரவு செலவுத் திட்டம் போடும் ஒரு மாநகராட்சி, ஒரு நாற்காலிக்கும் ஒரு பணிமாற்ற ஆணைக்கும் நிதியில்லை என்பதை எந்த நீதிமன்றமும் எளிதில் ஏற்காது. ஏற்பாட்டுக்கான செலவை மாற்றுத்திறனாளியின் தலையில் கட்டக் கூடாது என்பதும் 2017ஆம் ஆண்டின் மத்திய விதிகளில், 3ஆம் விதியில் உள்ளது.

“உனக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள்.” கேட்கட்டும். சட்டம் எல்லோருக்குமாகத்தான் இயற்றப்பட்டது.

மறுத்தால் எங்கே செல்வது?

பணி தொடர்பானவற்றுக்கு: 23ஆம் பிரிவின்படி ஒவ்வோர் அரசு நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். பதிவான புகாரை அவர் இரண்டு வாரங்களுக்குள் விசாரிக்க வேண்டும். நிறைவில்லையெனில் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். உங்கள் மாநகராட்சியில் அந்த அலுவலர் யார், இதுவரை எத்தனை புகார்கள் பதிவாகியுள்ளன, 21ஆம் பிரிவு கோரும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிடப்பட்டுள்ளதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். விடைக்கான கெடு 30 நாள்கள். பல நேரங்களில் இந்த ஒரு மனுவே அலுவலகத்தை அசைத்துவிடுகிறது.

சேவை, அனுமதி தொடர்பானவற்றுக்கும், பணியாளர் குறைக்குத் தீர்வு கிடைக்காதபோதும்: மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் 80ஆம் பிரிவின் கீழ் முறையிடலாம். சாட்சிகளை அழைப்பதற்கும் ஆவணங்களைக் கோருவதற்கும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. அவர் தரும் பரிந்துரை மீது மாநகராட்சி நடவடிக்கை எடுத்து மூன்று மாதங்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தை அதே கெடுவுக்குள் ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும். இது பரிந்துரைதான், ஆணையன்று என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் பின்னர் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் நீதிப்பேராணை கோரும்போது, முத்திரையிட்ட மனுவும் ஆணையரின் பரிந்துரையும் உங்கள் வழக்கின் முதுகெலும்பாகும்.

திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தையும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் அங்கே கொடுத்த மனு மேற்சொன்ன சட்டபூர்வ முறையீட்டுக்கு மாற்றாகாது.

பொதுவெளியில் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதித்தால் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அவமதித்தவர் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவராக இருந்து, பாதிக்கப்பட்டவர் அப்பிரிவினராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவும் பொருந்தலாம். இரண்டையும் ஒரே புகாரில் சொல்ல வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தருகிறது.

ஒப்பந்தப் பணியாளர்களின் நிலை

இவ்வளவும் நிரந்தரப் பணியாளருக்கு. தூய்மைப் பணி தனியார் நிறுவனங்களின் கைக்குப் போய்க்கொண்டிருக்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் அமர்ந்து போராடிய தூய்மைப் பணியாளர்கள் எழுப்பிய கேள்வி ஊதியத்தைப் பற்றியது மட்டுமன்று. வேலை தருபவர் யார் என்பதே மங்கலாகும்போது உரிமையை யாரிடம் கேட்பது என்ற கேள்வியும் அதில் அடங்கியிருந்தது. 20(4) பிரிவின் பாதுகாப்பைக் கேட்டால் “அவர் எங்கள் பணியாளர் அல்லர்” என்று மாநகராட்சி கைவிரிக்கும். ஒப்பந்த நிறுவனமோ மறுநாள் வேறொருவரை அனுப்பிவிடும்.

இங்கும் வழி முற்றிலும் அடைபடவில்லை. 3ஆம் பிரிவின் பாகுபாட்டுத் தடையும், ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடே என்ற வரையறையும் தனியார் நிறுவனங்களையும் தொடும் என்பது என் வாதம். எனவே மனுவை இருவருக்கும் எழுதுங்கள். கழிவுநீர்த் தொட்டியிலோ சாக்கடையிலோ இறக்கப்பட்டு ஊனமுற்றவர்களுக்கு 2023 அக்டோபர் 20ஆம் நாள் பல்ராம் சிங் வழக்குத் தீர்ப்பு தனிப் பாதுகாப்பு தருகிறது. ஊனத்தின் தன்மையைப் பொறுத்து இழப்பீடு 10 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. நிரந்தர ஊனத்தால் வாழ்வாதாரமே இழந்தவருக்கு 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது. இத்தொகை ஏற்பாட்டுக்கு மாற்றன்று, இரண்டையும் கேட்கலாம். ஆனால் நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் ஒப்பந்தங்களிலேயே இக்கடமை எழுதப்பட வேண்டும். அதற்குச் சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கும் சட்டத் திருத்தத்தை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றியது. அவ்விடங்களில் தூய்மைப் பணியால் உடல் இழந்தவர்களும் அமர வேண்டும் என்று நாம் இப்போதே கேட்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் மனு ஒரே வாரத்தில் வெல்லவில்லை. விருப்ப ஓய்வுக் கடிதத்தைக் கிழித்துவிட்டு மேலே உள்ள பத்தியைப் போன்ற ஒன்றை எழுதினோம். முதலில் பதிலே இல்லை. பிறகு தகவல் உரிமை மனு. பிறகு மாநில ஆணையரிடம் முறையீடு. ஏறத்தாழ எட்டு மாதங்கள் கழித்து அதே ஊதியத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் உதவியாளர் பணி கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களின் ஊதிய நிலுவைக்காக இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறோம். எனவே இதை முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

அங்கு அவர் முதல் மாதம் பழைய வழக்கப்படி நின்றுகொண்டே வேலை பார்த்திருக்கிறார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லையாம். நாற்காலி கேட்டு இன்னொரு மனு எழுத வேண்டியிருந்தது. அதை அவரே எழுதினார், என்னிடம் காட்டவுமில்லை. முத்திரையிட்ட பிரதியை மட்டும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தார். மகன் பட்டப்படிப்பை முடித்துவிட்டார், வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.